வீடு மாறுகிறேன், 312 கேசட்டுகளை என்ன செய்ய?

கேசட்காரன் எழுதியது:

அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். போகிற வீட்டில் ஒரு அறை குறைவு, பரணும் கிடையாது. இங்கே பரணிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகள் இறங்கின. நேற்று உட்கார்ந்து எண்ணினேன், 312 கேசட். வீட்டம்மா பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏறத்தாழ பாதி கடையில் வாங்கிய கம்பெனி கேசட்: எக்கோ, ஏவிஎம், சங்கீதா, எச்.எம்.வி. மீதியெல்லாம் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தவை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது ஊருக்கு ஊர் இப்படி ஒரு கடை இருக்கும். பன்னிரண்டு பாட்டைத் தாளில் எழுதிக் கொடுத்து, காலி கேசட்டுக்கும் பதிவுக்கும் சேர்த்துப் பணம் கட்டினால் நாலைந்து நாளில் கையில் கிடைக்கும். 60 என்றால் பக்கத்துக்கு அரை மணி, 90 என்றால் முக்கால் மணி. நான் 1988ல் கும்பகோணத்தில் கல்லூரியில் படித்தபோது போன கடைக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. டேப்பை வெற்றாக விடக்கூடாது. ஆறு பாட்டு முடிந்து இரண்டரை நிமிடம் மிச்சம் இருந்தால், தனக்குப் பிடித்த எதையாவது போட்டு நிரப்புவார். டேப் தீரும் இடத்தில் பாட்டும் தீரும்.

இப்போது எல்லாம் செல்போனில்தான் கேட்கிறேன். கச்சேரிக்குப் போவது வருடத்துக்கு இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று. இந்தப் பெட்டிகளை வைத்துக்கொள்ளவா, கணினியில் ஏற்றவா, காயலான் கடையில் போடவா? அப்படியே உங்கள் கதையையும் சொல்லுங்கள். காசு கொடுத்து ஆல்பம் வாங்குகிற ஆள் இன்னும் யாராவது இருக்கிறீர்களா?

சும்மா_வந்தேன் எழுதியது:

காயலான் கடைக்காரரும் எடுக்க மாட்டார், முயன்று பார்த்தாயிற்று. இரும்பு இல்லை, பேப்பர் இல்லை, என்ன எடை போடுவார்? அந்த 312ல் எத்தனை போனில் கிடைக்காது என்று முதலில் பாருங்கள். பத்து தேறினால் அதிகம். பத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். கடைசியாக எப்போது ஒன்றைப் போட்டுக் கேட்டீர்கள்?

கேசட்காரன் எழுதியது:

2009. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்டைலஸ் எழுதியது:

அவசரப்படாதீர்கள் சார். நான் எல்.பி. இசைத்தட்டு ஆள், ஆனால் நண்பர்களுக்காக முப்பது நாற்பது கேசட்டைக் கணினியில் ஏற்றியிருக்கிறேன்.

முதலில் டேப்பைப் பாருங்கள். கண்ணாடி வழியாகச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை நல்ல டெக்கில் (கேசட் ஓட்டும் கருவி) போடவே போடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். அடுத்தது, டேப்புக்குப் பின்னால் சின்னப் பஞ்சுத்துண்டு ஒன்று இருக்கும். பழைய கேசட்டில் முதலில் உதிர்வது அதுதான். அது போனால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். டேப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள், தப்பு. ஐந்து ஸ்க்ரூ உள்ள கேசட் என்றால் திறந்து, சுருளை வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். ஒட்டிய கூடு என்றால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், கை நடுங்கும்.

டெக்கும் பரணில் இருந்ததா? அப்படியானால் பெல்ட் தார்போல் உருகியிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு எடுங்கள். மைக் ஓட்டையில் செருகாதீர்கள். பதிவதற்கான ஆடாசிட்டி மென்பொருள் இலவசம்தான். சி.டி. தரத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 600 எம்.பி.க்குக் கொஞ்சம் மேலே வரும். 312க்கும் சேர்த்து 200 ஜி.பி. போதும். இடம் பிரச்சினையே இல்லை, நேரம்தான் பிரச்சினை. ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. நாளுக்கு ஒன்று என்றால் பத்து மாதம்.

இன்னும் வாங்குகிறேனா என்று கேட்டீர்கள். மாதம் இரண்டு தட்டு, சம்பளம் வந்த வாரம். பழைய மூர் மார்க்கெட் 1985ல் எரிவதற்கு முன்னால் அப்பா அங்கே தட்டு பொறுக்கியவர், எனக்கு வந்தது பரம்பரை வியாதி. 45 சுற்று ஓடும் சின்னத் தட்டில் பக்கத்துக்கு இரண்டு சினிமாப் பாட்டு, உறையில் பட ஸ்டில், பின்னால் கல்கத்தா டம்டம் இசைத்தட்டு ஆலையின் பெயர். இன்றைக்கும் கையில் எடுத்தால் வைக்க மனம் வராது. எல்லாரும் செத்துப்போன சமாச்சாரம் என்கிறார்கள். அமெரிக்காவில் 2022ல் 4 கோடியே 10 லட்சம் எல்.பி. விற்றது, சி.டி. 3 கோடியே 30 லட்சம்தான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் எல்.பி. முந்தியது அந்த வருடம்தான் முதல் தடவை. நம் ஊரில் இதன் பலன், பழைய தட்டுக்கு விலை ஏறியது மட்டுமே. நூறு ரூபாய்க்குக் கேட்பாரற்றுக் கிடந்ததை இன்று ஆயிரத்து ஐந்நூறு என்கிறார்கள்.

மேலமாசிவீதி எழுதியது:

கேசட்காரன் அண்ணே, கம்பெனி கேசட்டைக் கொடுத்தாலும் பெட்டிக்குள் இருக்கிற அச்சிட்ட அட்டையை, அந்த இன்லே கார்டைக் கொடுக்காதீங்க. 1992ல் ரோஜாவுக்கு அப்புறம் ரகுமான் கேசட்டுகளை நான் வாங்கியதில் பாதிக் காரணம் அந்த அட்டைதான். புல்லாங்குழல் நவீன், பேஸ் கிட்டார் கீத் பீட்டர்ஸ், ஒலிப்பதிவு எச். ஸ்ரீதர் என்று வாசித்தவர், பதிந்தவர் பெயரெல்லாம் போட்டிருக்கும். அதுவரை எனக்குப் பாட்டு என்றால் இசையமைப்பாளர், பாடகர், மிஞ்சினால் கவிஞர். பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்து பேஸ் வாசிக்கிறார் என்பதையே அந்த அட்டைதான் சொல்லிக் கொடுத்தது. போனில் தேடிப் பாருங்க, பாதிப் பாட்டுக்குப் பாடகர் பெயரே தப்பாக இருக்கும்.

இன்னொன்று. டேப்பைத் தள்ளி ஓட்டினால் பேட்டரி தீரும், எங்கே போய் நிற்கும் என்றும் தெரியாது. அதனால் பிடிக்காத பாட்டையும் கேட்போம். கேட்டுக் கேட்டு, மூன்றாம் மாதம் பார்த்தால் அதுதான் வாயில் வரும். பி பக்கத்து நாலாவது பாட்டுகள் எனக்குப் பிடித்துப்போனது இப்படித்தான். இப்போது பத்து நொடியில் தள்ளிவிடுகிறேன், பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிவதற்கு முன்னாலேயே.

சும்மா_வந்தேன் எழுதியது:

எல்லாரும் உருகுகிறீர்கள், ஒன்று கேட்கிறேன். ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த கேசட்டில் பாடியவருக்கு, வாசித்தவருக்கு, கம்பெனிக்கு என்ன போனது? ஒரு பைசா போகவில்லை. அதைப் பாரம்பரியம் என்கிறீர்கள், இன்று ஒரு பையன் பாட்டை டவுன்லோடு செய்தால் திருட்டு என்கிறீர்கள். எங்கள் வீட்டில் டேப்ரிக்கார்டரே கிடையாது. எனக்குப் பாட்டு என்றால் டீக்கடை வாசல்தான். நினைத்த பாட்டை நினைத்த நேரத்தில் கேட்க முடிந்தது கையில் போன் வந்த பிறகுதான். அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால், யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

கேசட்காரன் எழுதியது:

நியாயம்தான். அப்போது அது தப்பு என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. கம்பெனி கேசட்டில் பிடித்த பாட்டு இரண்டு இருக்கும், அதே காசுக்குச் சென்டரில் பன்னிரண்டு. மாணவன் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கேசட்டை அந்தக் கடைக்காரர்தான் காசு கொடுத்து வாங்க வைத்தார். ஒருமுறை என் பி பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் குரலே இல்லாமல் வயலின் மட்டும் பறந்துகொண்டிருந்தது. மெஷின் கோளாறு, யாருடையதோ என் டேப்பில் ஏறிவிட்டது என்று சண்டை போடவே போனேன். அவர் ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் காட்டினார். இளையராஜாவின் ஹவ் டு நேம் இட், 1986ல் வந்தது. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்கிற்கும் சமர்ப்பணம் செய்திருந்தார். வயலின் வி.எஸ். நரசிம்மன். பாக் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது அந்த அட்டையில்தான். அந்த மாதம் மெஸ் பாக்கி விழுந்தது.

ஸ்கார்பரோ_சுதன் எழுதியது:

வணக்கம், கனடாவிலிருந்து. எங்கட யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். அங்கே றெக்கோர்டிங் பார் என்று சொல்லுவோம். கொப்பி ஒற்றையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு, காலையில் இலங்கை வானொலியில் பொங்கும் பூம்புனல் கேட்டுவிட்டு ஓடிப்போய் இன்னும் இரண்டு பாட்டு சேர்க்கச் சொல்லுவேன்.

1990க்குப் பிறகு போரால் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. கசெற் இருக்கிறது, ரேப் றெக்கோடரும் இருக்கிறது, ஓட வைக்க ஒன்றும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றெக்கோடரில் கொடுத்துப் பெடலைக் கையால் சுற்றுவோம். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். கை ஓய்ந்தால் பாட்டு இழுபடும், அவசரமாகச் சுற்றினால் பாடகர் கீச்சுக் குரலில் பாடுவார். ஒரு பாட்டுக்கு ஒரு ஆள் என்று முறை வைத்தோம். நீளமான பாட்டு வந்தால் என் தம்பி நைசாக எழும்பிவிடுவான்.

இங்கே வந்த பிறகு பெரிய அரங்கங்களில் நடக்கிற இசை நிகழ்ச்சிகளுக்குக் குடும்பமாகப் போகிறோம். நாலு ரிக்கெற்றுக்குக் கொடுக்கிற காசை நினைத்தால் நெஞ்சு அடைக்கும். முதல் பாட்டு தொடங்கினவுடனே பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாத மனிசரும் சேர்ந்து பாடுவார். அதற்காகப் போகலாம். அண்ணை, கசெற்றுகளை எறியாதேங்கோ. எங்கட கசெற் எல்லாம் 1995 இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுவிட்டு வந்தது.

கேசட்காரன் எழுதியது:

சுதன், இதைப் படித்துவிட்டுப் பெட்டியை மறுபடி மூடி வைத்துவிட்டேன்.

பூனைக்குட்டி97 எழுதியது:

நான் கோவை, கே-பாப் ரசிகை. திட்ட வேண்டியவர்கள் வரிசையில் வரவும் 🙂

காசு கொடுத்து ஆல்பம் வாங்குகிற ஆள் இருக்கிறோம் அங்கிள், உங்களைவிட அதிகமாகவே வாங்குகிறோம். கொரிய ஆல்பம் ஒரு புத்தகம் மாதிரி. போட்டோபுக், போஸ்டர், பாட்டு வரிகள், சி.டி., அப்புறம் போட்டோகார்டு. குழுவில் ஏழு பேர் என்றால் யாருடைய கார்டு வரும் என்று பிரிக்கும்வரை தெரியாது. வேண்டியது வராவிட்டால் இன்னொருத்தியிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே ஆல்பம் மூன்று நான்கு அட்டையில் வரும். முதல் வார விற்பனையை அங்கே உன்னிப்பாகக் கணக்கெடுப்பார்கள் என்பதால், நமக்குப் பிடித்தவர்கள் தோற்கக்கூடாது என்று ஒன்றுக்கு இரண்டாக வாங்குகிறவர்களும் உண்டு. ஒருத்தியாக வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்கமும் ஆல்பம் விலையைத் தொட்டுவிடும். அதனால் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக ஆர்டர் போடுவோம். பார்சல் யார் வீட்டுக்கு வருகிறதோ அந்த வீட்டு அம்மாதான் பாவம். எங்கள் அம்மா கூரியர்காரரிடம், "இதில் சேலை ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டார்கள்.

கச்சேரிக்கு நாங்கள்தான் போக வேண்டும், அவர்கள் சென்னைக்கு எங்கே வருகிறார்கள்? இரண்டு வருடம் சேர்த்த காசில் பாங்காக் போய்வந்தேன். டிக்கெட் விற்பனை தொடங்கியபோது ஆன்லைன் வரிசையில் என் எண் நாற்பதாயிரத்துச் சொச்சம். கடைசி வரிசைக்கு முந்தின வரிசைதான் கிடைத்தது, மேடையில் அவர்கள் எறும்பு சைஸ். ஆனாலும் அரங்கம் முழுக்க லைட் ஸ்டிக் ஒரே நேரத்தில் நிறம் மாறியபோது அழுதுவிட்டேன். பாட்டு புரியுமா என்று கேட்காதீர்கள். இப்போது கொரிய எழுத்துப் படிக்கத் தெரியும்.

ஒரே ஒரு வெட்கம். வீட்டில் சி.டி. போட எந்த மெஷினும் கிடையாது. பதினெட்டு ஆல்பத்தில் ஒரு சி.டி.யைக்கூடப் போட்டுக் கேட்டதில்லை.

ஸ்டைலஸ் எழுதியது:

வெட்கப்படாதே அம்மா. என்னிடம் இருக்கும் 78 சுற்றுத் தட்டுகளில் முப்பதைப் போட ஊசி கிடையாது. அதிலும் நான்கு விரிசல் விட்டவை.

தோடிப்பித்தன் எழுதியது:

தாமதமாக வருகிறேன், பேரன் பிறந்தநாள். 78 என்றதும் கை பரபரக்கிறது. நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத் தட்டு எங்கள் தாத்தா வீட்டில் இருந்தது. பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான். கோயில் வீதியில் விடிய விடிய வாசிக்கிற ராகத்தை அதற்குள் அடைத்தாக வேண்டும். பாதியில் எழுந்து தட்டைத் திருப்பிப் போடுவார்கள், அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது.

கச்சேரி பற்றி ஒருவரும் சரியாக எழுதவில்லையே. சென்னைக்காரர்கள் டிக்கெட் விலையைச் சொல்லி அழுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. டிசம்பரில் காசே இல்லாமல் காது நிறையக் கேட்க இந்த ஊரைப்போல் வேறு ஊர் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு பதினோரு வருடமாக என் மார்கழி இதுதான். காலையில் மியூசிக் அகாடமியில் விளக்கவுரை. அங்கிருந்து ஏதாவது ஒரு சபாவில் பன்னிரண்டு மணிக் கச்சேரி, பெரும்பாலும் இலவசம், சின்னப் பிள்ளைகள் பாடுவார்கள். அரங்கில் முப்பது பேர், அதில் பத்துப் பேர் சொந்தக்காரர்கள். மாலைக் கச்சேரிக்கு டிக்கெட்டே கிடைக்காத அளவுக்கு இன்று பெயர் பெற்ற பாடகர்கள் இரண்டு பேரை அந்த வேளையில் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அப்புறம் காண்டீனில் சாப்பாடு, ஒரு தூக்கம் (அரங்கிலேயே, ஏ.சி. இருக்கிறது). மாலைக் கச்சேரி வாரத்துக்கு இரண்டுக்கு மட்டும் காசு கொடுப்பேன், அதுவும் பால்கனி. பாக்கெட் நோட்டில் ராகம், தாளம், கீர்த்தனை மூன்றையும் குறிப்பேன். ஒன்பது நோட்டு சேர்ந்திருக்கிறது.

மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதிக் கூட்டம் காபிக்கு எழுந்து போகும். நானும் போனவன்தான். ஒருமுறை பக்கத்து இருக்கைப் பெரியவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "தாளத்தை மட்டும் போடுங்கோ, வேறே ஒண்ணும் வேண்டாம்" என்றார். மிச்ர சாபு. ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டே இருந்தேன். மிருதங்கம் எங்கெங்கோ போய்விட்டு, கடைசியில் என் கை விழுந்த இடத்திலேயே வந்து விழுந்தது. அதற்கப்புறம் நான் எழுந்து போவதில்லை. மேலமாசிவீதி தம்பி சொன்னாரே, தள்ள முடியாததால் கேட்டேன் என்று. கச்சேரியும் அதே சங்கதிதான். பிடிக்காத ராகம் வந்தால் என்ன செய்ய, உட்காரத்தான் வேண்டும்.

இன்னும் பைசா செலவில்லாமல் வேண்டுமென்றால் ஜனவரியில் திருவையாறு போங்கள். புஷ்ய பகுள பஞ்சமியன்று காவிரிக் கரைப் பந்தலில் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் தியாகராஜரின் ஐந்து கீர்த்தனையையும் பேர் பெற்றவர்களும் நம்மைப்போன்றவர்களும் ஒன்றாகப் பாடுவோம். எனக்குச் சுருதி சேராது, அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மேலமாசிவீதி எழுதியது:

தோடி சார், உங்களுக்கு சபா, எங்களுக்குத் திருவிழா. கோயில் வாசலில் மேடை போட்டு இரவு பத்து மணிக்கு மெல்லிசைக் கச்சேரி தொடங்கும். முதல் பாட்டு பிள்ளையார், அடுத்தது முருகன், மூன்றாவதிலிருந்து சினிமா. முன்னால் பெண்கள் பாய் விரித்து இடம் பிடிப்பார்கள், நாங்கள் எதிர்த்த வீட்டு மொட்டைமாடி. சின்ன வயதில் பார்த்த குழுவில் வயலின் மட்டும் நாலு பேர், புல்லாங்குழல், தபேலா, டிரம்பெட் எல்லாம் மேடை கொள்ளாமல் இருக்கும். ரேடியோவில் வருகிற மாதிரியே பி.ஜி.எம். வாசித்தால் கைதட்டு அள்ளும். போன வருடம் பார்த்தேன், கீபோர்டு ஒருவர், ரிதம் பேட் ஒருவர், மிச்சமெல்லாம் டிராக்கில் ஓடுகிறது. பாடியவர் நன்றாகத்தான் பாடினார், ஆனாலும் மனசு கீபோர்டுக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

சும்மா_வந்தேன் எழுதியது:

கச்சேரி என்றதும் என் பங்குக்கும் ஒன்று. நகரத்துக்கு வெளியே ஒரு திறந்த மைதானம், பெரிய பெயர், டிக்கெட் நாலாயிரம். ஏழு மணி நிகழ்ச்சிக்கு நாலு மணிக்குக் கிளம்பினேன். கடைசி இரண்டு கிலோமீட்டர் வண்டி நகரவில்லை. வயலோரம் நிறுத்திவிட்டு நடந்து போனால், என் நாலாயிரம் ரூபாய்ப் பகுதியில் ஆயிரம் ரூபாய் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை எழுப்ப அங்கே யாரும் இல்லை. திரையில்தான் பார்த்தேன். தண்ணீர் பாட்டில் நூறு ரூபாய். வீடு வந்து சேரும்போது மணி மூன்று.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சியில் ஒரு பாட்டுக்கு நடுவில் மின்சாரம் போனது. கூட்டம் நிறுத்தாமல் அதே சுருதியில் பாடி முடித்தது. டீக்கடை வாசலில் நின்று கேட்ட பாட்டு அது. அடுத்த தடவையும் டிக்கெட் எடுப்பேன் என்று நினைக்கிறேன். யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டாம்.

பூனைக்குட்டி97 எழுதியது:

எடுத்தாச்சு.

கேசட்காரன் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். வீடு மாறியாயிற்று.

கம்பெனி கேசட்டில் போனில் கிடைப்பவை 131. இன்லே கார்டுகளை மட்டும் உருவி ஒரு ஆல்பத்தில் செருகிக்கொண்டு, கேசட்டுகளை ஒரு பழைய பொருள் சேகரிப்பவரிடம் கொடுத்துவிட்டேன். காசு வாங்கவில்லை. பூஞ்சை பிடித்தவை 22, அவை குப்பைக்குப் போயின. ஒன்றிரண்டுக்கு மனசு அடித்துக்கொண்டது. மீதி 159, பெரும்பாலும் சென்டரில் பதிந்தவை, கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கும்பகோணம் கடைக்காரர் நிரப்பிய மிச்ச இடங்களை எந்த ஆப்பிலும் தேடி எடுக்க முடியாதே.

ஸ்டைலஸ் சொன்னபடி லைன் இன்னில் கொடுத்து முதல் கேசட்டை நேற்று இரவு ஏற்றினேன். ஏ பக்கத்துக் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தின் முதல் வரியில் டக்கென்று நின்றது. முப்பத்தைந்து வருடமாக எனக்கு அந்தப் பாட்டு அங்கேதான் முடிகிறது. எத்தனையோ தடவை முழுப் பாட்டும் காதில் விழுந்திருக்கும், கவனித்ததில்லை. போனில் போட்டு மிச்சத்தைக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரோ புதிதாக எழுதிச் சேர்த்த மாதிரி இருந்தது. வீட்டம்மா எட்டிப் பார்த்து, "இதுக்கு இப்படி ஒரு சரணம் இருக்கா?" என்றாள். கல்யாணமான புதிதில் அந்தக் கேசட்டைக் கேட்டுத்தான் அவளும் பழகியிருக்கிறாள்.

இரண்டாவது கேசட்டில் எல்லாரும் கொஞ்சம் வேகமாகப் பாடுகிறார்கள். டெக் கோளாறா, டேப் கோளாறா?

ஸ்டைலஸ் எழுதியது:

முதல் கேசட் சரியாக ஓடியது என்றால் டெக்கின் மேல் தப்பில்லை. பதியும்போது கடைக்காரரின் மெஷின் மெதுவாக ஓடியிருக்கும், அதனால் இப்போது வேகமாகக் கேட்கிறது. ஆடாசிட்டியில் சரிசெய்யலாம். சரிசெய்யாத ஃபைலையும் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.